ஜேன் வார்ட்டன் என்னும் கைதி

புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். தொழுகைக் கூடத்திற்குப் பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்த ஒருவர் வருகிறார். அழுக்குடை அணிந்த ஏழை ஒருவரும் வருகிறார். முன்னவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. பின்னவர் ஓரமாக நிற்கும்படியோ தரையில் அமரும்படியோ பணிக்கப்படுகிறார். ஆளுக்கொரு நீதி வழங்கும் இச்செயலைப் பாவம் என்றே அவர் துணிந்து கூறுகிறார். ஆலயத்தில் இவ்வேறுபாடு நிகழ்ந்தால் நாம் நாணுகிறோம், நாணுவதாகவாவது காட்டிக்கொள்கிறோம். ஆனால் சிறைச்சாலையில்? தண்டனை பெற்றபின் அரசனும் ஆண்டியும் அங்கே ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அவ்வெண்ணம் பொய் என்பதைத் தம் உடலையே சான்றாக வைத்து மெய்ப்பித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே நினைவுகூர விழைகிறோம். அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் லிட்டன். ஆங்கிலேயப் பெருங்குடியில் பிறந்தவர், கத்தோலிக்கர் அல்லர். எனினும் சிறைப்பட்டோரைச் சந்திப்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகக் கற்றிருக்கும் நமக்கு அவர் வாழ்வு கேட்கும் கேள்வி எளிதானதன்று.

வாக்குரிமையும் மூன்று பிரிவுகளும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இல்லை. 1866-ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 1,500 பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதன்பின் சுமார் 40 ஆண்டுகள் பணிவான விண்ணப்பங்களிலேயே கழிந்தன. பொறுமையிழந்த எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரும் அவர்தம் புதல்வியரும் 1903-இல் மான்செஸ்டர் நகரில் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினர். 1905-ஆம் ஆண்டு அக்டோபரில், அரசியல் கூட்டம் ஒன்றில் பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கேட்டதன் தொடர்பில் இருவர் கைதாயினர். ஒருவர் அம்மையாரின் மூத்த மகள் கிறிஸ்டபெல். மற்றவர் அன்னி கென்னி. பின்னவர் 10 வயதிலேயே பஞ்சாலை வேலைக்குச் சென்று, இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தவர். இருவரும் அபராதம் கட்ட மறுத்துச் சிறை புகுந்தனர். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் இப்போராட்டத்திற்காகச் சிறை சென்றவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்.

அக்காலத்துச் சிறை அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால்தான் மேலே நிகழ்ந்தவை விளங்கும். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடுங்காவல் அல்லாத கைதிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். முதற்பிரிவில் வைக்கப்பட்டவர் தம் சொந்த உடையை உடுத்தலாம், நூல்கள் வாசிக்கலாம், கடிதம் எழுதலாம், வெளியிலிருந்து உணவு பெறலாம். அரசியல் காரணங்களுக்காகச் சிறைப்பட்ட ஆண்கள் சிலருக்கு இத்தகைய சலுகைகள் கிடைத்ததுண்டு. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் உள்ளோர்க்குச் சிறை உடை, சிறை உணவு, தனியறை, மௌனம். யாரை எப்பிரிவில் வைப்பது என்பது நீதிபதியின் விருப்பம். வாக்குரிமை கேட்ட பெண்களோ பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளிலேயே அடைக்கப்பட்டனர். "நாங்கள் திருடியோ ஏமாற்றியோ இங்கு வரவில்லை, எங்களை அரசியல் கைதிகளாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பது அவர்களின் கோரிக்கை.

1909 ஜூலையில் மரியன் வாலஸ் டன்லப் என்னும் ஓவியர், முதற்பிரிவு மறுக்கப்பட்டதால் உணவை மறுத்தார். விண்ணப்பிக்கும் உரிமையைக் கூறும் 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் வாசகத்தை நாடாளுமன்ற மண்டபச் சுவரில் அச்சுப் பதித்ததே அவர் செய்த குற்றம். 91 மணி நேரம் உண்ணாதிருந்தபின் அவர் விடுவிக்கப்பட்டார். பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். இப்படியே விட்டால் தண்டனை என்பதே பொருளற்றுப் போகும் என்று அஞ்சிய அரசு, அவ்வாண்டு செப்டம்பரில் பர்மிங்காம் சிறையில் கட்டாய உணவூட்டலைத் தொடங்கிற்று. காவலர் கையையும் காலையும் அழுத்திப் பிடிக்க, மருத்துவர் மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ இரப்பர்க் குழாயை இரைப்பைவரை செலுத்தி நீராகாரத்தை ஊற்றுவர். மனநோய் மருத்துவமனைகளில் உண்ண மறுப்போர்க்குச் செய்த சிகிச்சை இது. தெளிந்த அறிவோடு ஓர் உரிமைக்காக உண்ணாதிருந்த பெண்கள்மீது இப்போது இது செலுத்தப்பட்டது.

இவ்வியக்கத்தின் செயல்கள் அனைத்தையும் நாம் ஏற்றுக்கொள்ள இயலாது. கண்ணாடிச் சன்னல்களை உடைத்தலில் தொடங்கி, 1912-க்குப் பின் கட்டடங்களுக்குத் தீயிடுதல்வரை அது சென்றது. ஆயினும் ஒரு போராட்டத்தின் வழிமுறைகளைக் குறை காண்பது வேறு. அதில் சிறைப்பட்டவரை அரசு எவ்வாறு நடத்தியது என்று கேட்பது வேறு.

வைஸ்ராயின் மகள்

கான்ஸ்டன்ஸ் 1869-இல் வியன்னாவில் பிறந்தவர். அவர்தம் தந்தை ராபர்ட் லிட்டன் பிரபு 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். இப்பெயர் தமிழ் மண்ணுக்கு அந்நியமானதன்று. நம் பாட்டன்மார் "தாது வருடப் பஞ்சம்" என்று சொல்லி நடுங்கிய அந்த 1876-78 பெரும்பஞ்சம் அவர் ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்ததே. சென்னை மாகாணத்தில் மக்கள் செத்து விழுந்துகொண்டிருக்க, 1877 சனவரி முதல் நாள் டில்லியில் அவர் விக்டோரியா அரசியைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை நடத்தினார். தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அவர் கொள்கை. அவர் அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுதும் உழைப்பவருக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே கூலி என்று குறைத்தார். அப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அந்நாளில் அநாதையான பிள்ளைகளுக்கு மறைப்பணியாளர்கள் இல்லம் தொடங்கிய வரலாறு நம் மறைமாவட்டங்கள் பலவற்றில் உண்டு.

இறைவாக்கினர் எசேக்கியேலின் வழியாக ஆண்டவர் உரைத்ததுபோல, தந்தையின் தீவினையைப் பிள்ளை சுமப்பதில்லை. தந்தையின் ஆட்சிக்குக் கழுவாயாகவே மகள் சிறை சென்றார் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் ஏழு வயதுமுதல் பதினொரு வயதுவரை இந்நாட்டில் அரண்மனைப் பிள்ளையாக வளர்ந்த அச்சிறுமி, நாற்பது வயதில் உணவை மறுத்துச் சிறைத்தளத்தில் கிடந்தார் என்பதைப் படிக்கும் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று சிந்திக்காமல் போகார்.

கூச்ச சுபாவமும் நலிந்த உடலும் கொண்ட கான்ஸ்டன்ஸ், திருமணமின்றித் தாயுடன் வாழ்ந்துவந்தார். பிறப்பிலிருந்தே அவருக்கு இதயக் கோளாறு உண்டு. உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற 1,000 பவுண்டு அவர் கைக்கு வந்தபோது, அதை ஏழைப் பெண்களுக்குப் பயன்படுத்த விரும்பினார். அவ்வழியே தையல் தொழில் செய்யும் இளம்பெண்களின் சங்கம் ஒன்றோடு தொடர்பு ஏற்பட்டது. 1908-இல் அவர்களின் விடுமுறை இல்லத்திற்குச் சென்றபோது அன்னி கென்னியைச் சந்தித்தார். அந்நாள்களில் கண்ட ஒரு காட்சியைப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். அறுப்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆடு ஒன்று கட்டு மீறி ஓடிற்று. வழியில் நின்றோர் அதைச் சூழ்ந்துகொண்டு நகைத்தனர். அச்சத்தால் தடுமாறிய அவ்வாட்டின் அவல நிலையில் பெண்ணினத்தின் நிலையைக் கண்டதாக அவர் கூறுகிறார்.

1909 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குச் சென்ற பெண்கள் குழுவில் சேர்ந்து கைதாகி, ஹாலோவே சிறையில் ஒரு மாதத் தண்டனை பெற்றார். அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. மற்றப் பெண்கள் குளிர்ந்த தனியறைகளுக்கு அனுப்பப்பட, அவர் மட்டும் இதய நோயாளி என்று மருத்துவப் பகுதியில் வைக்கப்பட்டார். தோழியருடன் இருக்க விடும்படி கேட்டார், மறுக்கப்பட்டது. இறுதியில் ஊசியால் தம் மார்பில் 'வி' என்னும் ஆங்கில எழுத்தைக் கீறிக்கொண்டார். "வாக்குரிமை" என்ற சொல்லை முகம்வரை எழுதப்போவதாக எச்சரித்தார். அதன் பின்னரே அவரைப் பொது அறைக்கு மாற்றினர்.

அவ்வாண்டு அக்டோபரில் நியூகாசில் நகரில், அமைச்சர் ஒருவர் ஏறிவந்த காரின்மீது காகிதம் சுற்றிய கல்லை எறிந்து மீண்டும் சிறைப்பட்டு, உண்ண மறுத்தார். மருத்துவர் வந்தார், இதயத்தைக் கவனமாகச் சோதித்தார். உணவூட்டினால் உயிருக்கு ஆபத்து என்று கூறி, சில நாள்களிலேயே விடுதலை செய்தனர். புகழ்பெற்ற பத்திரிகையாளர் ஒருவரின் மனைவிக்கும் அவ்வாறே விடுதலை கிடைத்தது. அதே சிறையில் அதே உண்ணாநோன்பு இருந்த, பெயர் அறியப்படாத மற்றப் பெண்களுக்கோ குழாய் காத்திருந்தது.

இதய நோய் என்ற காரணம் பொய்யன்று. ஆனால் ஓர் ஐயம் கான்ஸ்டன்ஸை விடவில்லை. தாம் ஒரு பிரபுவின் மகளாக, மற்றொரு பிரபுவின் தமக்கையாக இல்லாதிருந்தால் அம்மருத்துவர் இவ்வளவு அக்கறையோடு இதயத்தைச் சோதித்திருப்பாரா?

மாற்றுப் பெயர்

1909-ஆம் ஆண்டின் முடிவில் லிவர்பூல் நகரின் வால்ட்டன் சிறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. செலினா மார்ட்டின் என்பாரையும் அவர் தோழியையும், தண்டனை வழங்கப்படுவதற்கு முன்பே, விசாரணைக் கைதிகளாக இருந்த நிலையிலேயே கட்டாய உணவூட்டலுக்கு உட்படுத்தினர் என்பதே அது. கான்ஸ்டன்ஸ் முடிவெடுத்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டினார். மூக்குக் கண்ணாடி அணிந்தார். மலிவான நீண்ட அங்கியும் ஒவ்வாத தொப்பியும் வாங்கிக்கொண்டார். உள்ளாடைகளில் தைத்திருந்த தம் பெயரின் முதலெழுத்துகளைப் பிரித்தெடுத்தார். அழகற்ற தோற்றமுடைய ஏழைக் கைதிகளே சிறையில் மிகுந்த இகழ்ச்சிக்கு உள்ளாவதை முன்னரே கண்டிருந்ததால், கூடியவரை அழகற்றவராகத் தம்மை ஆக்கிக்கொண்டார். ஜேன் வார்ட்டன், தையற்காரி என்ற பெயரில் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தார்.

"ஜேன்" என்னும் பெயரை அவர் புனித ஜான் ஆஃப் ஆர்க்கை நினைந்தே தேர்ந்தெடுத்தார். முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் திருத்தந்தை பத்தாம் பயஸ் அக்கன்னிக்கு அருளாளர் பட்டம் வழங்கியிருந்தார். புனிதர் பட்டம் 1920-இல் வந்தது. 1431-இல் ரூவான் நகரில் திருச்சபையின் நீதிமன்றம் அவரை விசாரித்தது. ஆயினும் முறைப்படி பெண்கள் காவலில் வைக்கப்படாமல், எதிரிப் படைவீரர் காவலில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர் அவர். அரசியல் காரணத்துக்காகச் சிறைப்பட்ட பெண்களுக்கு அவரினும் பொருத்தமான பாதுகாவலி வேறு யார்?

1910 சனவரி 14-ஆம் நாள் வால்ட்டன் சிறைக்கு வெளியே கூடியிருந்தோரைச் சிறை அதிகாரியின் இல்லம் நோக்கி அழைத்துச் சென்று, கைதானார். மூன்றாம் பிரிவில் 14 நாள் கடின உழைப்புத் தண்டனை கிடைத்தது. உண்ண மறுத்தார். நான்காம் நாள் மருத்துவர் வந்தார். இதயத்தைச் சோதிக்கவில்லை, நாடியைப் பிடித்துப் பார்க்கவும் இல்லை. இரும்புக் கருவியால் வாயைத் திறந்து குழாயைச் செலுத்தினார். ஊற்றிய உணவு வாந்தியாக வெளிவந்து மருத்துவரின் உடைமேல் பட்டது. புறப்படும்போது அவர் கைதியின் கன்னத்தில் அறைந்துவிட்டுச் சென்றார். மொத்தம் 8 முறை இது நிகழ்ந்தது. இடையில் ஒருமுறை இளைய மருத்துவர் ஒருவர் மேலோட்டமாக மார்பில் செவிவைத்துக் கேட்டு, நல்ல உறுதியான இதயம் என்று சான்றளித்தார். மூன்று மாதங்களுக்கு முன் நியூகாசிலில் உயிருக்கு ஆபத்து என்று விடுவிக்கப்பட்ட அதே இதயம்தான் அது. மாறியது பெயரும் உடையும் மட்டுமே.

இத்துன்பத்தின் நடுவே நிகழ்ந்த ஒன்றை அவர் தம் நூலில் எழுதியுள்ளார். சன்னலின் சட்டங்கள் அறைச்சுவரில் நிழலாக விழுந்தபோது அவை மூன்று சிலுவைகளாகத் தோன்றினவாம். ஒன்று ஆண்டவருடையது, ஒன்று அன்பு காட்டத் தெரிந்த கள்வனுடையது, மூன்றாவது, அன்பு காட்ட இன்னும் கற்றுக்கொள்ளாத கள்வனுடையது. அம்மூன்றாம் சிலுவையிலேயே அவர் சிந்தனை நீண்ட நேரம் நின்றது. ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று மறையுரை ஆற்றும் நாம், மனந்திரும்பிய கள்வனைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். மற்றவனுக்காக இரங்கிப் பேசிய நினைவு நமக்கு இல்லை.

அவர் யார் என்ற ஐயம் வெளியே பரவவே, சனவரி 23-ஆம் நாள் அதிகாரிகள் அவரை அவசரமாக விடுவித்தனர். அழைத்துச் செல்ல வந்தவர் அவர் தங்கை எமிலி. பிற்காலத்தில் புது டில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் மனைவி. தம்பி லிட்டன் பிரபு விசாரணை வேண்டினார். உள்துறை அமைச்சகம் தவறேதும் நிகழவில்லை என்று மறுத்தது. ஆனால் மக்கள் மனத்தில் பதிந்ததை அழிக்க முடியவில்லை. அவ்வாண்டு மார்ச்சில், புதிதாக உள்துறை அமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சில், ஒழுக்கக் கேடான குற்றம் புரியாத கைதிகளுக்குச் சொந்த உடை முதலிய சில சலுகைகளை வழங்கும் விதி ஒன்றைக் கொண்டுவந்தார். "அரசியல் கைதி" என்ற பெயரை மட்டும் அரசு தரவில்லை.

1912-இல் கான்ஸ்டன்ஸ் பக்கவாதத்தால் தாக்குண்டார். வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகி, தம் சிறை அனுபவங்களை நூலாக்கினார். 1914-இல் வெளிவந்த அந்நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இரண்டாக அச்சிடப்பட்டிருந்தது: கான்ஸ்டன்ஸ் லிட்டன், ஜேன் வார்ட்டன். 1918-இல் 30 வயது நிரம்பிய, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்கு நிகராக 21 வயதில் எல்லாப் பெண்களும் வாக்களிக்கும் உரிமை 1928-இல்தான் வந்தது. அதைக் காண அவர் இல்லை, 1923-இல் மறைந்தார்.

பிலிப்பி நகரச் சிறை

இவ்வரலாற்றைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது திருத்தூதர் பணிகள் நூலின் 16-ஆம் அதிகாரம். பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் ஆடை கிழிக்கப்பட்டு, தடியால் அடிக்கப்பட்டு, தொழுமரத்தில் மாட்டப்பட்டனர். பவுல் உரோமைக் குடிமகன். விசாரணையின்றி அவரை அடிக்கச் சட்டம் இடந்தராது. பின்னாளில் எருசலேமில் சாட்டையடிக்கு வாரால் கட்டப்பட்டபோது அவ்வுரிமையை உடனே எடுத்துரைத்துத் தப்பினார். பிலிப்பியிலோ அடி விழுந்து முடிந்து, மறுநாள் காலையில் விடுதலைச் செய்தி வந்தபிறகே அதைச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், நடுவர்களே நேரில் வந்து தங்களை வெளியே அழைத்துச் செல்லவேண்டும் என்றார்.

ஏன் முந்திய நாளே சொல்லவில்லை? கூட்டத்தின் கூச்சலில் அவர் குரல் எடுபடவில்லை என்பது ஒரு விளக்கம். நமக்குத் தோன்றுவது வேறு. அந்நகரின் திருச்சபை அப்போதுதான் கருக்கொண்டிருந்தது. லீதியாவின் வீட்டில் கூடிய பெண்களும், பவுல் விடுவித்த அடிமைப் பெண்ணும், அவர்களைப் போன்ற எளியோரும் அந்நகரில் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேரிடம் உரோமைக் குடியுரிமை இருந்திருக்கும்? அவர்களுக்கு நாளை நேரக்கூடியதைத் தாம் இன்று தம் உரிமையால் விலக்கிக்கொள்ளலாகாது என்று அவர் எண்ணியிருக்கலாம். அடிபட்ட பின்னர் உரிமையை வெளிப்படுத்தியதால் வெட்கமுற்றவர்கள் நடுவர்கள். கான்ஸ்டன்ஸ் செய்ததும் இதுவே. தம் பெயரை மறைத்து அடியைப் பெற்றார்; பின்னர் அதே பெயரை வெளியிட்டு, அடித்தவர்களை நாணச் செய்தார்.

அதே பிலிப்பியருக்குத்தான் பவுல், மற்றொரு சிறையிலிருந்து, இறைமகன் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் தன்மை பூண்டார் என்று எழுதினார். இங்கே நாம் ஒப்புமையை அளவோடு நிறுத்தவேண்டும். கிறிஸ்து மானிட உடலை வெறும் தோற்றமாக அணிந்துகொண்டார் என்ற தோற்றவாதத்தைத் திருச்சபை தொடக்கத்திலேயே கண்டித்தது. அவரது மனித இயல்பு மாறுவேடம் அன்று. உயிர்த்தபின்னும் அதை அவர் களைந்துவிடவில்லை. கான்ஸ்டன்ஸ் பூண்டதோ மாறுவேடமே. உண்மையான தையற்காரிகளால் களைய முடியாத ஏழ்மையை அவர் ஒன்பது நாள்களில் களைந்துவிட்டார். அவருக்காகக் கேள்வி கேட்க ஒரு பிரபு இருந்தார். செலினா மார்ட்டினுக்கு அப்படி ஒருவர் இல்லை. ஏழையின் துன்பம் உலகின் செவிக்கு எட்டுவதற்குக்கூடச் சீமாட்டி ஒருவர் அதைப் பட்டுக் காட்டவேண்டியிருந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. எனினும் அவ்வேடத்தின் விலையை அவர் செயலிழந்த கையாகச் சுமந்தார். அவ்வேடத்தின் பெயரையும் தம் நூலின் முகப்பில் நிலைநிறுத்தினார்.

இத்தகைய அன்பு நம் மரபுக்குப் புதியதன்று. 1218-இல் புனித பேதுரு நொலாஸ்கோ நிறுவிய மீட்பு அன்னை சபையினர், அடிமைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்கத் தேவையானால் அவர்களுக்கு மாற்றாகத் தாமே பிணையாக இருப்போம் என்று நான்காம் வார்த்தைப்பாடு எடுத்தனர். வாக்குரிமைப் போராட்டக் காலத்திலும் கத்தோலிக்கப் பெண்கள் வாளாவிருக்கவில்லை. ஹாலோவே சிறையினின்று வெளிவருவோரை வரவேற்க வாயிலில் காத்திருந்தோரிடையே பிறந்த எண்ணமே, 1911-இல் இலண்டனில் கத்தோலிக்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கமாக உருவெடுத்தது. வன்முறை வழிகளை அது ஏற்கவில்லை. பின்னர்ப் புனித ஜானின் பெயரையே தாங்கி, பல நாடுகளிலும் பரவியது.

வேலூர் வரை

ஹாலோவே சிறையிலிருந்து தமிழகத்துக்கு நேர்வழி ஒன்றும் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் 1910-இன் இறுதியில் ஹாலோவேயிலும், 1913-இல் அயர்லாந்தின் டல்லமோர் சிறையிலும் இதே போராட்டத்துக்காக அடைபட்டவர். டல்லமோரில் அரசியல் கைதிக்குரிய நிலையைக் கேட்டு உண்ணாநோன்பு இருந்தவர். 1915-இல் இந்தியா வந்து, 1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றார். 1921-இல் இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததற்கு அச்சங்கத்தின் உழைப்பும் ஒரு காரணம். 1920-களில் சென்னையில் கௌரவ நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். பிறருக்குத் தண்டனை வழங்கும் இருக்கையில் இருந்த அவரே, 1932-இன் இறுதியில் அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக ஓராண்டுத் தண்டனை பெற்று வேலூர் சிறைக்குச் சென்றார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை புகுந்த நம் நாட்டுப் பெண்கள் பலர் அச்சிறையை அறிந்திருந்தனர்.

1930 முதல் நம் நாட்டுச் சிறைகளிலும் 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று வகுப்புகள் நடைமுறையில் இருந்தன. சமூக நிலை, கல்வி, பழகிய வாழ்க்கைமுறை ஆகியவையே வகுப்பைத் தீர்மானித்தன. ஒரே ஊர்வலத்தில் கைகோத்து நடந்து, ஒரே முழக்கம் எழுப்பிய பெண்களுள் வழக்கறிஞர் குடும்பத்துப் பெண் ஒரு வகுப்புக்கும், உழவர் வீட்டுப் பெண் மற்றொரு வகுப்புக்கும் போகக்கூடும். ஆங்கிலேயர் போயினர், வேற்றுமை போய்விடவில்லை. சுகன்யா சாந்தா என்னும் பெண் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், சிறைகளில் சாதியின் பெயரால் வேலை பிரிப்பதும் கைதிகளைப் பிரித்து வைப்பதும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3-ஆம் நாளில்தான். விடுதலை பெற்று 77 ஆண்டுகள் ஆனபின்பு வந்த தீர்ப்பு அது. துப்புரவுப் பணிக்கு இன்ன சாதி, சமையலுக்கு இன்ன சாதி என்று அதுவரை சிறைக் கையேடுகளே கூறிக்கொண்டிருந்தன.

நாம் செய்ததும் செய்யாததும்

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதியபின் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாவிடில் அது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பங்குப்பணி ஆற்றிய ஊரில், ஒரே மாதத்தில் இரு பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றனர். ஒருவர் பங்கில் செல்வாக்குள்ள குடும்பத்தின் மருமகள். ஏதோ பணத் தகராறு. செய்தி வந்தபோது இரவு பத்து மணி. உடனே அங்கியை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். நமக்கு நாற்காலி போட்டார்கள், தேநீர் வந்தது. பதினொரு மணிக்கெல்லாம் அப்பெண் வீடு திரும்பிவிட்டார்.

மற்றவர் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். வேலை செய்த வீட்டில் சங்கிலி காணாமற்போயிற்று. சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் அவருடைய தாய் சக்கிறிஸ்து வாயிலில் வந்து நின்றார். "சாமி, ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க" என்றார். ஞாயிறு வேலைகள் நிறைய இருந்தன. "செபித்துக்கொள்கிறோம் அம்மா, திங்கட்கிழமை பார்ப்போம்" என்று அனுப்பிவைத்தோம். திங்கட்கிழமை நாம் சென்றபோது அப்பெண்ணைச் சிறைக்கு அனுப்பிவிட்டிருந்தனர். சில வாரங்களுக்குப்பின் அச்சங்கிலி அந்த வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. சிறையிலிருந்து திரும்பிய அவர் நம்மிடம் ஒரு குறையும் கூறவில்லை. வழக்கம்போல் கோயிலுக்கு வந்தார்; பின்வரிசையில் தரையில் அமர்ந்தார். அவர் குறை கூறாதிருந்ததே நம்மை இன்றுவரை உறுத்துகிறது.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மகளிர் சிறைக்குச் செல்கிறோம், கேக் வழங்குகிறோம், பாடல்கள் பாடுகிறோம். இவை நல்லவையே, விட்டுவிட வேண்டியவை அல்ல. பெயர் பெற்ற தலைவர் சிறைப்பட்டால் கூட்டம் கூட்டுகிறோம். கண்டன அறிக்கை வெளியிடுகிறோம். அதுவும் தேவையே. ஆனால் அறைக்குள் யாருடைய கன்னத்தில் அறை விழுகிறது, யாருடைய நாடியை மருத்துவர் பார்ப்பதில்லை, யாருடைய பிணைத்தொகைக்கு ஆள் இல்லை என்று கேட்பதே சிறைப்பணியின் உரைகல். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் இறுதி அதிகாரம், சிறைப்பட்டோரை அவர்களோடு சேர்ந்து நாமும் சிறைப்பட்டிருப்பதுபோல் எண்ணி நினைவுகூரும்படி பணிக்கிறது. நம் பெயரும் அங்கியும் பெற்றுத்தரும் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்நினைவு நமக்கு வராது.

நாம் எல்லாரும் மாறுவேடம் பூண்டு சிறைக்குள் செல்லவேண்டியதில்லை. இன்று அதற்கு அவசியமும் இல்லை. இலவசச் சட்ட உதவிக் குழுக்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளன. நம் பங்குகளில் வழக்கறிஞர்கள் உள்ளனர்; மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் உள்ளனர். பெயரற்ற ஒரு பெண்ணின் தாய் சனிக்கிழமை மாலையில் வந்து நிற்கும்போது, பெயருள்ள வீட்டுக்கு எழுந்து போன அதே வேகத்தில் நாம் எழுந்து போனால் போதும். கான்ஸ்டன்ஸ் லிட்டன் தம் பெயரை மறைத்து அறிந்துகொண்ட உண்மையை, நாம் நம் பெயரை வைத்துக்கொண்டே திருத்தத் தொடங்கலாம். அந்தத் திங்கட்கிழமை நமக்கு இனித் திரும்பிவராது. ஆனால் வாயிலில் வந்து நிற்கும் தாய்மார் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.